மாறிப்போன கஞ்சிச் சட்டிகள்

தேங்காய்ப்பால் நுரைத்து வரும் நேரம் பார்த்து ரம்பை இலையும் வெந்தயமும் தட்டிய உள்ளியும் போட்டால் கிளம்புகிற மணம் வயிறு நிறைந்தவனுக்கு வெறும் மணம். நோன்பு பிடித்தவனுக்கோ அது கழுத்துச்சட்டையைப் பிடித்து இழுக்கிற கை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில், பள்ளிவாசலின் பின்வளவில் நோன்புக் கஞ்சிக் கிடாரம் அடுப்பேறிய நோன்பு மாதத்துப் பிற்பகல்களில், அந்தக் கை மதிலைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்து வீடு வீடாக ஆள் பிடிக்கும். நான் அப்போது "அரை நோன்பு"க்காரன். அதாவது, விடியுமுன் பெரியவர்களோடு எழும்பி வயிறாரத் தின்று, நண்பகலில் குசினிக்குள் ஒளித்திருந்து மறுபடியும் தின்று, பிற்பகலில் முழு நோன்பு பிடித்தவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்திருப்பவன். உழைப்பு குறைவாகவும் களைப்பு கூடுதலாகவும் இருக்கும் இந்தத் திறமையை நான் பிற்காலத்திலும் கைவிட்டதில்லை.

பெருநாள் மலருக்கு "பழைய நோன்பு நாட்களைப் பற்றி இனிப்பாக ஏதாவது" எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைச் சிரிப்பு எழுதுகிறவன் என்று நம்பிக் கேட்டவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கஞ்சியை நினைத்தால் எனக்கு இனிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. நாற்பது வருஷத்துக் கோபம். வைத்தியர் அதற்கு இரத்த அழுத்தம் என்று பெயர் வைத்து உப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டில் நிறுத்திவிட்டேன். எழுத்திலும் நிறுத்து என்றால் எனக்குப் பிழைப்பில்லை.

அந்தக் கஞ்சி எல்லாருக்கும் உரியதாக இருந்தது. இதை விளங்கிக்கொண்டால்தான் மற்றது விளங்கும். நோன்பு மாதம் முழுவதும், மத்தியானத் தொழுகை முடிந்த கையோடு, வீட்டுக்கு ஒரு பாத்திரம் பள்ளியின் பின்வளவுக்குப் போய்விடும். கடைக்காரர் வீட்டுப் பாத்திரமும் போகும், கூலிக்குத் தைக்கிறவர் வீட்டுப் பாத்திரமும் போகும், இறைச்சிக்கடைக்காரர் வீட்டு வாளியும் போகும். ஒவ்வொன்றும் துணியால் பொட்டணமாகச் சுற்றப்பட்டு மதில் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கஞ்சி காய்ச்சுகிற, ஊருக்கெல்லாம் அண்ணன்முறையான மீரான் காக்கா, இது யாருடையது, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இல்லாமல், துணியை அவிழ்ப்பதும் கழுத்துவரை நிரப்புவதும் கட்டுவதுமாகப் போய்க்கொண்டேயிருப்பார். அரிசியும் அப்படியே பெயரில்லாமல் வந்து சேரும். மூட்டையாகக் கொடுத்தவரும் இருந்தார், பிடியரிசியாகக் கொடுத்தவளும் இருந்தாள். கொடுத்த வீடும் வாங்கியது, வாங்கிய வீடும் கொடுத்தது. வரிசையில் இருந்த சட்டியைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் வாப்பாவுக்கு இரும்புக்கடை. வீட்டில் கஞ்சி காய்ச்ச வகையிருந்தது. இருந்தும் உம்மா ஒருநாள் தவறாமல் எங்கள் பெரிய சருவத்தை என் தலையில் ஏற்றி அனுப்புவா. நான் வெயிலைக் காரணம் காட்டி ஒருமுறை முறையிட்டபோது உம்மா சொன்னது இது: "எங்கடை சட்டி போகாட்டி, போற சட்டியெல்லாம் இல்லாத வீட்டுச் சட்டியாப் போயிடுமடா." எனக்கு அன்று இது விளங்கவில்லை. வெயில்தான் விளங்கியது.

இந்தச் சட்டி சுமக்கும் உத்தியோகத்தில்தான் எனக்கு "மாறாட்டம்" என்ற பட்டம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்ப் படலை மைமூன் மாமியுடையது. இரத்த உறவில்லை, ஒழுங்கை உறவு. அவவுடைய கணவர் காசிம் மாமா தையற்காரர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபின் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கத் திருகோணமலைக்குப் போனவர், எப்போதாவது ஆள்வசம் கொஞ்சக் காசும் துணித்துண்டும் அனுப்புவார். பிறகு யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மாமியும் மகள் ஸீனத்தும் வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுச் சமையலறைப் புகை எந்த நேரத்தில் எழும்புகிறது, எந்த நாளில் எழும்பவில்லை என்பது எங்கள் உம்மாவுக்குத் தெரியும். ஸீனத் என்னைவிட ஒரு வயது மூத்தவள், முழு நோன்புக்காரி. என்னைக் கண்டால் "என்ன, மத்தியானச் சோறு செமிச்சிட்டுதோ?" என்று கேட்பதை ஒரு கடமையாகவே வைத்திருந்தாள்.

ஒழுங்கை முழுவதற்கும் சட்டி சுற்றும் துணியைக் காசிம் மாமாதான் ஒரே பூப்போட்ட சீத்தைத் துண்டில் வெட்டிக் கொடுத்திருந்தார். ஆகவே பொட்டணங்கள் எல்லாம் ஒரே சாயல். பின்னேரம் நான் போய் நின்றால் மீரான் காக்கா ஒன்றைத் தூக்கி "இந்தா, உன்ரை" என்று என்னிடம் தருவார். இன்னொன்றை "இந்தா மகள், உன்ரை" என்று ஸீனத்திடம் கொடுப்பார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் உம்மா துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைப்பா.

"அட மாறாட்டமே, இண்டைக்கும் மைமூன்ரை சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியே. எங்கடை பெரிய சருவம் அங்கை போயிட்டுது."

"ஓடிப்போய் மாத்திக்கொண்டு வரட்டோ உம்மா?"

"பாங்கு சொல்லப் போறாங்கள், இனி எங்கை மாத்துறது. பேசாமல் இரு."

அந்தச் சின்ன மண்சட்டிக் கஞ்சியோடு, வீட்டில் தனியே காய்ச்சி வைத்திருந்ததையும் சேர்த்து நாங்கள் நோன்பு திறப்போம். ஏன் முன்கூட்டியே காய்ச்சி வைத்திருந்தா என்று நான் யோசிக்கவில்லை. சருவம் எங்கே, சட்டி எங்கே, பாரத்திலாவது வித்தியாசம் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பொட்டணம் இலேசாக இருந்தால் சந்தேகப்படாமல் சந்தோஷப்படுகிற சுபாவம் என்னுடையது. இன்றைக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் ஸீனத் எங்கள் சருவத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கொண்டுவருவாள். "வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கக் கூடாது" என்பது எங்கள் தெருவில் ஏறக்குறைய மார்க்கச் சட்டம். ஆகவே அதற்குள் அவர்கள் வளவு முருங்கையிலை நிறைந்திருக்கும். உம்மா அதை வாங்கி, மாமியின் காதில் விழும்படியாக, "மைமூன் வீட்டு முருங்கையிலை மாதிரி யாழ்ப்பாணத்திலை எங்கையும் இல்லை" என்று சொல்லுவா. சொன்னதோடு நிறுத்தமாட்டா, அதைச் சமைக்கவும் செய்வா. குருநகர் மீனும் நீர்வேலிக் கதலிப்பழமும் வாங்க வசதியிருந்த வீட்டில் நோன்பு மாதம் முழுவதும் முருங்கையிலை வறை தின்ற பிள்ளைகள் நாங்கள்.

இப்படி நடந்துகொண்டிருந்த ஊருக்கு ஹாஜியார் வந்து சேர்ந்தார்.

எங்கள் தெருவில் பிறந்து, கொழும்பில் துணிக்கடை வைத்துப் பெரிய ஆளாகி, குண்டு விழுந்த மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவந்தவர். ஓடிவந்ததை நான் குறை சொல்லவில்லை. குண்டுக்குப் பயப்படாதவன் முட்டாள். ஆனால் மூட்டை முடிச்சுகளோடு அவர் "ஒழுங்கு" என்ற ஒன்றையும் கொண்டுவந்தார். அரிசி கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம். கிடாரத்துக் கஞ்சியில் பருக்கை தேடவேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நோன்பு மாதம் முழுவதற்கும் தேவையான அரிசியைத் தாம் ஒருவரே தருவதாக ஹாஜியார் சொன்னார். கூப்பன் காலத்தில் இத்தனை மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பது நன்றிகெட்டதனம் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. அவர் போட்ட நிபந்தனையையும் கேள்வி கேட்காமலே ஒப்புக்கொண்டார்கள். இது அவருடைய "சதக்கா". சதக்கா என்ற தர்மம் இல்லாதவர்களுக்குரியது. ஆகவே இல்லாதவர்கள் மட்டும் வரவேண்டும்.

இல்லாதவர்களை இனங்காண அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் சிறு வில்லைகள் வெட்டி, துளையிட்டு, கம்பி கோர்த்து, சட்டியின் கழுத்தில் தொங்கவிட வேண்டும். வட்டத் தகரம் விதவைக்கு. சதுரத் தகரம் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கு. முக்கோணம் எழும்ப முடியாத நோயாளிக்கு. தகரம் இல்லாத சட்டிக்கு அகப்பை இறங்காது. எனக்குப் பிற்காலத்தில் கேத்திரகணிதம் ஓடாமல் போனதற்கு இதையே காரணமாகச் சொல்லி வாத்தியாரிடம் தப்பப் பார்த்திருக்கிறேன், அவர் நம்பவில்லை.

முதல்நாள் நான் வழக்கம்போல் சருவத்தோடு போனேன். பின்வளவில் கதிரை போட்டு ஹாஜியார் இருந்தார். மீரான் காக்கா அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நீ இரும்புக்கடைக்காரற்றை மகனல்லோ?" என்றார் ஹாஜியார். "உனக்கென்ன குறை? சட்டியைக் கொண்டு வீட்டை போ. இருக்கிறவன் வந்து இல்லாதவன்ரை பங்கைத் தின்னக் கூடாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என் கோபத்துக்குப் பெரிய தொல்லையே இதுதான். அந்த மனிதர் பேசியது ஒவ்வொன்றும் கேட்க நியாயமாக இருந்தது.

ஒழுங்கைச் சட்டிகளில் முக்கால்வாசி அன்று வெறுமையாகத் திரும்பின. மதில் நிழலில் மிஞ்சியவை தகரம் தொங்கியவை மட்டும். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று வாசித்தான்: இது இன்னாரின் வட்டம், இது இன்னாரின் சதுரம். மைமூன் மாமியின் மண்சட்டி அங்கே இல்லை. அவ விதவை இல்லை, ஸீனத் தகப்பனில்லாப் பிள்ளை இல்லை, இருவரும் படுக்கையிலும் இல்லை. கணவன் இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியாது. அதற்கு ஹாஜியாரிடம் ஒரு வடிவம் இல்லை. பள்ளி நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் இதை எடுத்துச் சொன்னபோது ஹாஜியார், "திருகோணமலையிலை விழுந்த குண்டுக்கு ஆர் தப்பினது? வட்டத்தையே குடுப்பம். வந்து வாங்கச் சொல்லுங்கோ" என்றாராம். கஞ்சி வேண்டுமென்றால் மாமி பள்ளிவாசலில் வைத்துத் தன் கணவனைக் கொல்லவேண்டும். விலை அவ்வளவுதான்.

வாப்பா அன்று பின்னேரம் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடியால் சமாளிக்கப் பார்த்தார். "நல்லதுதானே, இனி உவன் சருவம் சுமக்கத் தேவையில்லை. தலை மிச்சம்."

"அந்தத் தகரம் எங்கை வெட்டினது?" என்று உம்மா கேட்டா.

வாப்பா தொண்டையைச் செருமினார். "எங்கடை கடையிலைதான். யாவாரமெண்டு வந்தால் நான் என்ன செய்யிறது? ஹாஜியாரோடை பகைக்கேலுமோ? இந்தக் காலத்திலை கொழும்பிலையிருந்து ஆணி எடுத்துத் தாறது அவர்."

"அப்ப அந்த ஆணியையே காய்ச்சிக் குடியுங்கோ."

மறுநாள் உம்மா வீட்டிலேயே சருவம் நிறையக் கஞ்சி காய்ச்சி, அதே சீத்தைத் துணியால் சுற்றி, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரச்சொன்னா. கொடுத்துவிட்டு வந்தேன். நான் கால் கழுவி முடிக்குமுன் ஸீனத் அதைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்றாள். கட்டு அவிழ்க்கப்படவேயில்லை. அன்று அவள் என் மத்தியானச் சோற்றைப் பற்றி விசாரிக்கவில்லை.

"உம்மா சலாம் சொல்லச் சொன்னா," என்றாள் எங்கள் உம்மாவிடம். "சட்டி மாறி வந்திட்டுதாம்."

உம்மா சருவத்தை வாங்கி உள்ளே வைத்தா. எனக்கு ரோசம் வந்துவிட்டது. மாறாட்டம் என்ற பேரைச் சுமக்கலாம், செய்யாத மாறாட்டத்தையும் சுமக்க முடியுமா? "நான் இண்டைக்கு மாத்தேல்லை உம்மா. சத்தியமா மாத்தேல்லை" என்றேன்.

"நீ ஒருநாளும் மாத்தேல்லையடா," என்றா உம்மா.

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. உம்மாவும் மீரான் காக்காவும் ஒரு வார்த்தை பேசி ஒப்பந்தம் செய்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் எதிர்வீட்டில் புகை எழும்பாத நாட்களில், கட்டில் உம்மா கூட்டிப் போட்ட ஒரு முடிச்சைப் பார்த்து, அவர் எங்கள் சருவத்தைப் "பிழையாக" அங்கே அனுப்பினார். மாமிக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல வாங்கி, முருங்கையிலையால் கணக்குத் தீர்த்தா. பிழையாக வந்ததை யாரும் வாங்கலாம். அது பிச்சை இல்லை, ஒரு பொடியனின் மடத்தனம். சரியாக வந்ததை வாங்க அவவால் முடியவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எங்கள் ஒழுங்கையில் அறியாத அந்த இடக்கை நானாக இருந்திருக்கிறேன். அறியாமைக்கு இவ்வளவு பொருத்தமான ஆளை அவர்கள் வேறு எங்கே தேடியிருக்க முடியும்? ஆனால் அன்று எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. ஞாபகமறதிக்காரன் என்ற ஒரேயொரு புகழும் பறிபோனதே என்றுதான் இருந்தது.

உம்மா அடுத்துச் செய்தது எங்கள் ஒழுங்கை அதுவரை காணாதது. தெரு ஓய்ந்த பிற்பகலில், வசதியுள்ள வீட்டுப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, குடைகளால் முகம் மறைத்து, ஹாஜியார் வீட்டுக்குப் போனா. துணைக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்பதால் நானும் போனேன். ஆண்பிள்ளை என்று என்னைக் கணக்கெடுத்த முதல் சந்தர்ப்பம் அது. உள்வாசல் திரைக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். இந்தப்பக்கம் ஹாஜியார் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

"எங்களுக்கும் தகரம் வேணும் ஹாஜியார்," என்றது உம்மாவின் குரல்.

ஹாஜியார் சிரித்தார். "உங்களுக்கோ? நீங்கள் எந்த வகைக்குள்ளை வாறியள்?"

"நோன்பு பிடிச்சிருக்கிறம். அந்த வகை."

"பிள்ளை, இது ஏழைக்குரியது. நான் அல்லாஹ்வுக்காகக் குடுக்கிறது."

"அவனுக்காக எண்டால் அவனுக்குத் தெரியாதோ, ஆர் இல்லாத ஆக்கள் எண்டு? தகரம் ஆருக்குத் தொங்குது?"

திரைக்குப் பின்னால் யாரோ ஒருத்தி சிரிப்பை முக்காட்டுக்குள் அமுக்கினாள். ஹாஜியாருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"இதெல்லாம் பெண்புரசுகள் கதைக்கிற விசயமில்லை," என்றார். "உங்கடை ஆம்பிளையளை வந்து கதைக்கச் சொல்லுங்கோ. அவையள் கேட்டால் நான் மறுக்கமாட்டன்."

உம்மா வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டா. வாப்பாவுக்குக் கடையில் வேலை இருந்தது. மற்ற வீட்டு ஆம்பிளைகளுக்கும் அந்தக் கிழமை எங்கிருந்தோ வேலை குவிந்துவிட்டது. ஒருவருக்கு முதுகுப்பிடிப்பு. வசதியுள்ள ஆண்கள் இத்தனை பேர் இருந்த தெருவில், "எனக்கும் ஒரு தகரம் தாரும்" என்று போய் நிற்க ஒருத்தர் இல்லை. ஹாஜியாரின் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதியை இவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். வாப்பாவின் பங்கு கொஞ்சம் பெரிது.

பெண்கள் வந்துபோனதில் ஹாஜியாருக்கு ஒரு விசயம் மட்டும் தெளிவாகியது. மைமூன் பட்டினி கிடக்கிறாள். உடனே அவர் மனம் இளகிவிட்டது. இளகிய மனம் தனியே வரவில்லை, பள்ளியிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்தது. எல்லாப் படலையிலும் தலைகள்.

"மைமூன்," என்று அவர் வெளியில் நின்று குரல் கொடுத்தார். "நீ வெக்கப்பட்டு வெளியிலை வரத் தேவையில்லை. தகரத்தை நானே படலையிலை கொழுவிவிடுறன். நாளைக்கு ஆள்வசம் கஞ்சி வரும். சபுர் செய், பொறுமையாயிரு, என்ன? உன்ரை புருஷனுக்கும் நாங்கள் துஆக் கேக்கிறம்."

அவர் அந்த வட்டத் தகரத்தைக் கம்பியால் படலையில் முறுக்கிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் கஞ்சி வந்தது. படலை திறக்கவில்லை. கொண்டுவந்தவன் அதை வெளியில் வைத்துவிட்டுப் போனான், காகங்கள் நோன்பு திறந்தன. தகரத்தை அவிழ்த்து எறியவும் மாமி வெளியே வரவில்லை. எறிவதென்றால் முதலில் அதைக் கையால் தொடவேண்டுமே.

ஒரு விடியலில் வண்டில் சத்தம் கேட்டது. உம்மா ஓடிப்போய்ப் படலையைத் திறந்தபோது வண்டில் முடக்குத் திரும்பிவிட்டது. மாமி மகளையும் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. உறவென்று போனாலும், அங்கே அடுப்படி வேலைக்குத்தான் போனா என்பதைத் தெரு ஊகித்துக்கொண்டது. தெரு அத்தோடு தீர்ப்பும் எழுதியது: "கஞ்சிக்கு வழியில்லை, ராங்கிக்குக் குறைவில்லை."

பெருநாள் கழிந்து சில கிழமைகளில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒழுங்கைக்குள் ஒரு தகரப்பெட்டியும் அதன் கீழே ஒரு மெலிந்த மனிதரும் வந்தார்கள். காசிம் மாமா. காட்டுக்குள் இருந்த பட்டாள முகாம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, மலேரியாக் காய்ச்சலில் கிடந்து, எழுதத் தெரியாததால் பிறரைக்கொண்டு எழுதுவித்த கடிதங்கள் எங்கோ தொலைந்து, இப்போதுதான் விடுதலை கிடைத்து வருகிறார். எங்கள் படலையில் நான் நின்றேன். அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தன் படலையைப் பார்த்தார்.

"இதென்ன மகன், தகரம்?"

கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். "விதவைத் தகரம் மாமா," என்றேன். "வட்டமெண்டால் விதவை. ஹாஜியார் கொழுவினது."

அவர் அதை விரலால் ஒருமுறை சுண்டினார். "அப்ப நான் எப்ப மவுத்தானன்?"

உம்மா யன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னா. அவர் வீட்டுக்குள் போகவில்லை. எங்கள் கிணற்றில் குளித்து, உடுப்பு மாற்றி, கம்பியை நிதானமாக அவிழ்த்துத் தகரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார். தொழுகை முடிந்து சனம் கலையுமுன் எழுந்து, அந்தத் தகரத்தை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஹாஜியார் இருந்த முன்வரிசைக்கு எதிரே போய் நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். செத்த மையித்து நடந்து வந்திருக்கு," என்றார். "ஹாஜியார் தகரம் அடிச்சு அறிவிச்ச மையித்து. அடக்க முன்னம் தொழுவிக்கிறதெண்டால் இப்பவே தொழுவியுங்கோ. எனக்குப் பின்னேரம் புத்தளம் போக ரெயில் பிடிக்கவேணும்."

ஹாஜியாரின் முகம் வெளிறியது. "காசிம், நான் நல்லெண்ணத்திலைதான் செய்தது."

"ஓம் ஹாஜியார், அதுதான் கரைச்சல். கெட்டெண்ணத்திலை செய்திருந்தியள் எண்டால் ரெண்டு அறை அறைஞ்சிட்டுப் போயிருப்பன்."

இவ்வளவு நேரமும் வாயடைத்திருந்த பெரியவர்களுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. ஹாஜியாரிடம் ஒரு சொல் கேட்க அல்ல, காசிம் மாமாவுக்குப் புத்தி சொல்ல. பள்ளிக்குள் பகிடி விடக்கூடாது, கொடுத்த கையைக் கடிக்கக்கூடாது, பெரிய மனிதரிடம் மன்னிப்புக் கேள். வாப்பாவும் அந்தக் கூட்டத்தின் கடைசியில், வெளிப்படியில் நின்றார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அது அவருடைய காலில்தான் இருந்தது. பின்வளவு வாசலில் நின்ற மீரான் காக்கா மட்டும் வந்து காசிம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காசிம் மாமா தகரத்தைக் கழற்றி முன்வரிசைப் பாயில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தக் குடும்பம் பிறகு திரும்பி வரவில்லை. வீட்டை ஆள்வசம் விற்றார்கள். ஸீனத்துக்குப் புத்தளத்திலேயே கலியாணமானதாக ஒருமுறை கேள்விப்பட்டேன். அடுத்த நோன்புக்குப் பழையபடி எல்லாச் சட்டியும் வரலாம் என்று மரைக்கார்மார் அறிவித்தார்கள். ஒரு வருஷம் தகரம் தொங்கிய வரிசையில் சட்டி வைக்க வசதியுள்ள வீடுகளுக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் சருவம் போனது. பக்கத்தில் அதிகம் துணையில்லாமல் இருந்தது.

யுத்தம் முடிய ஹாஜியார் கொழும்புக்குப் போனார், அவருடைய ஒழுங்கு இங்கேயே தங்கிவிட்டது. போன நோன்பில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிப்பக்கம் போனேன். கிடாரம் இருக்கிறது, மணமும் அதேதான். சட்டிகள் இல்லை. ஒரே அளவான பொலித்தீன் சொப்பிங் பைகளில் கஞ்சியை ஊற்றி இறப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தார்கள். மேலே ஒரு துணிப் பதாகையில் அன்றைய நன்கொடையாளரின் பெயர். எதிரே ஒருவர் புகைப்படக் கருவியோடு. ஒவ்வொருவரும் பையை வாங்கும்போது நன்கொடையாளரின் மகன் அதை விடாமல் பிடித்துக்கொண்டு கருவியைப் பார்த்தான், வாங்குகிறவரையும் பார்க்கச் சொன்னார்கள். படத்துக்குப் பொருத்தம் பார்த்து ஆட்களை நிறுத்துவதற்கு மார்பில் அட்டை குத்திய பொடியன்கள் நின்றார்கள்.

அவர்களில் ஒருவனுக்கு என்னைத் தெரியும். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன், என் கட்டுரைகளையும் வாசிக்கிறவன். "வாங்கோ மாஸ்டர்" என்று கதிரை எடுக்க ஓடினான்.

"கதிரை வேண்டாம் தம்பி. எனக்கும் ஒரு பை தா," என்று சொல்லி வரிசையின் கடைசியில் நின்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மற்றப் பொடியன்களையும் கூப்பிட்டான். "மாஸ்டரைப் பாருங்கோடா. வரிசையிலை நிண்டுகொண்டு கஞ்சி கேக்கிறார்." அவர்களும் சிரித்தார்கள். படம் எடுக்கிறவரும் கருவியை இறக்கிவிட்டுச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை என்று சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெண் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டாள்.